ஒஸ்டின் வீடும் மொறிஸ் வீடும்

கல்யாணத்துக்குப் பழைய கார் விடுகிற தொழிலில் கார் கொடுக்கிற தலையிடி பாதி, காரை நேசிக்கிறவர்கள் கொடுக்கிற தலையிடி மீதி. பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! எங்களிடம் இரண்டு. கறுப்பு ஒஸ்டின் ஏ-30 என் கணவரின் கையில். முன்கண்ணாடி நடுவில் பிரிந்த பச்சை மொறிஸ் மைனர் என் கையில்.

வட்டுக்கோட்டைக் கட்டளை

ஒரு கல்யாணத்துக்குக் கார் பேச வட்டுக்கோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பன் ஒஸ்டினைக் கண்டதும் பொனற்றைத் தடவத் தொடங்கிவிட்டார். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது அவருடைய ஏ-30 மண்ணெண்ணெயில் ஓடியதாம். கார்புறேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணினால், இருமி இருமியாவது போய்ச் சேருமாம். பிரசவ வலியோடு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தானாம்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில், எங்களிடம் மொறிஸும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

“பிள்ளை, ஒஸ்டினுக்கு முன்னாலை நிண்டு மொறிஸின்ரை பேரை எடுக்காதை!”

நீண்ட கை

பெண் வீடு கோப்பாயில்; அவர்கள் மொறிஸ் பக்தர்கள். மொறிஸைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் ஓட்டிக்கொண்டு போனேன். திருநெல்வேலிச் சந்தையடியில் திரும்புவதற்குச் சுவிச்சைத் தட்டினேன். கதவுக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று ‘டக்’ என்று வெளியே நீண்டது. மினுங்கும் சிக்னல் லைட் வருவதற்கு முன் கார்கள் அப்படித்தான் கை காட்டித் திரும்பின. வீதியே பார்க்கிறது என்ற பெருமையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக் கத்தினார்: “அக்கா, உங்கடை காரிலை ஏதோ கழண்டு தொங்குது!”

கோப்பாய்க் கட்டளை

பெண்ணின் தகப்பன் அந்தக் கையைத் திரும்பத் திரும்ப நீட்டி மடக்கச் சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளை ஒஸ்டினில் வருகிறார் என்றதும் சிரிப்பு நின்றது. கடைசியில் கோயிலுக்குப் பெண் மொறிஸில், மாப்பிள்ளை ஒஸ்டினில் என்று பேசி முடித்தோம்.

“உவையின்ரை ஒஸ்டின் வழியிலை நிண்டா, எங்கடை மொறிஸ் கட்டி இழுக்கும் எண்டு சொல்லுங்கோ!”

கால்மாறும் நேரம்

தாலி கட்டியாயிற்று. இனித் தம்பதி கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வந்தது இரண்டு காரில். போவதோ ஒரு காரில். அது எந்தக் கார் என்று ஒருவரும் பேசவில்லை!

தகப்பன்மார் ஆளுக்கொரு கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். குரல் உயர்ந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மொறிஸின் பொனற்றைத் தூக்கி, “ஐயா, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று மாப்பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் கத்திவிட்டார்.

“இது என்ரை ஏ-30 இன்ரை எஞ்சின் எல்லோ!”

அதேதான்! முட்டி மோதிக்கொண்டிருந்த இரண்டு கொம்பனிகளும் ஒன்றாகிவிட்டன. பிறகு வந்த மொறிஸ் மைனர்களுக்குள் வைத்தது ஒஸ்டினின் எஞ்சினை. படபடவென்று சொல்லி முடித்தேன். பெண்ணின் தகப்பனும் வந்து குனிந்து பார்த்தார். பெண் கண்ணைத் துடைத்தாள், மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள், மொறிஸில் ஏறினாள்.

“அப்பா, மாமா, கொம்பனியள் எப்பவோ சம்பந்தம் செய்திட்டுதுகள், நீங்கள் ரெண்டு பேரும்தான் இன்னும் பேசிக்கொண்டு நிக்கிறியள்!”

இப்போதெல்லாம் வாடகை பேச வருகிறவர்களிடம் கல்யாணத் திகதியைக் கேட்பதற்கு முன்னரே, திரும்பிப் போவது எந்தக் காரில் என்று கேட்டுவிடுகிறேன்.