குதிரையின் இடப்பக்கம்

நோர்வேயில் பேருந்து கழுவும் வேலை நின்றுபோன வருடம், வேலை தேடித் தரும் அரசாங்க அலுவலகம் என்னை ஒரு குதிரை லாயத்துக்கு அனுப்பியது. எல்லிங்ஸ்ருட் என்ற இடத்தைத் தாண்டிக் காட்டோரத்தில் இருந்தது அது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து அப்போது ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். சாணம் அள்ளுவதும் புல் போடுவதும்தான் வேலை என்றார்கள். ஊரில் ஆடு வளர்த்திருக்கிறேன். குதிரையைக் கோயில் வாகனமாக மட்டுமே கண்டவன். மரக்குதிரை உதைக்காது.

லாயத்தை நடத்தியவர் அறுபது வயது தாண்டிய ஒரு நோர்வேக்காரி. அந்த இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து சில குதிரைகளை இறக்கிக் கொண்டுவந்திருந்தார். அவற்றை வைத்திருந்தவர் செத்துப்போய், பராமரிக்க ஆளில்லாமல் மலையிலேயே குட்டி போட்டுப் பெருகியவை. மனிதக் கை படாதவை. அவற்றைச் சாதுவாக்கி நல்ல வீடுகளுக்குக் கொடுப்பது அவருடைய எண்ணம். பனி இறுகுவதற்குள் வீடு கிடைக்காதது இறைச்சிக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். குளிர்காலம் முழுக்க எல்லாவற்றுக்கும் தீனி போட அவரிடம் வசதியில்லை. நான் மச்சம் மாமிசம் தொடாதவன். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒவ்வொன்றாக எல்லாம் போய்க் கடைசியில் ஒரு பெண்குதிரை மிஞ்சியது. சந்தன நிறம், பிடரிமயிரின் நடுவே கறுப்புக் கோடு. ஆளைக் கண்டாலே வேலியின் மற்றக் கோடிக்கு ஓடிவிடும். நான் வேலை முடிந்ததும் உள்ளே போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பேன். வாய்க்குள் பஞ்சாட்சரம் ஓடிக்கொண்டிருக்கும். குதிரைக்காகச் சொன்னதில்லை; சும்மா இருந்தால் எனக்கு அது தானாக வரும். ஒரு நாள் பின்கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது. நான் திரும்பவில்லை. சிவனே என்று இருந்தேன்.

“இனி இவள் உன்ரை பொறுப்பு” என்றார் லாயக்காரி. அந்த நாட்டில் எல்லோருக்கும் ‘நீ’தான்.

மெல்ல மெல்ல மூக்கைத் தொட்டேன். பிறகு கழுத்து. பிறகு முதுகைத் தூரிகையால் துலக்கவும் தலைக்கயிறு போடவும் விட்டது. நான் அதைப் ‘பிள்ளை’ என்று கூப்பிடுவேன்.

லில்லெஸ்ட்ரோம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். தன் கிழட்டுக் குதிரைக்குத் துணை தேடிக்கொண்டிருந்தவர். பிள்ளையைக் கண்டதும் அவருக்குப் பிடித்துவிட்டது. குதிரை பழகிய எல்லோரையும் போல அவர் குதிரையின் இடப்பக்கமாகப் போய்த் தலைக்கயிற்றை உயர்த்தினார். பிள்ளை பின்னங்காலில் எழும்பி, வேலிச்சட்டம் ஒன்றை முறித்துக்கொண்டு ஓடியது.

அந்தப் பெண்மணி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். “நான் தனியாளாய் இருக்கிறன். என்னாலை கயிறு போட ஏலாத குதிரையை எப்பிடிக் கொண்டுபோறது? பனி விழேக்கை இன்னொருக்கா வந்து பாக்கிறன். அப்பவும் இப்பிடியெண்டால் ஏலாது” என்றார்.

அவர் போன பிறகு லாயக்காரி என்னைக் கூப்பிட்டு, “நீ பிடிக்கிறமாதிரிப் பிடி பாப்பம்” என்றார். நான் போய் நின்றேன். பிள்ளை தலையைத் தாழ்த்தியது. அவர் வேலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் எப்பவும் அதின்ரை வலப்பக்கம் நிக்கிறாய்?”

“அங்கை நிண்டால்தான் வலக்கையாலை கழுத்தைத் தடவ வசதி.”

“மற்றக் கை ஏன் பொக்கற்றுக்கை கிடக்குது? முறிஞ்சு போச்சோ?”

“இடக்கையாலை நாங்கள் ஆருக்கும் ஒண்டும் குடுக்கிறேல்லை. மரியாதை இல்லை.”

அவர் சிரிக்கவில்லை. “அவளுக்கு அந்த மரியாதை தெரியாது. குதிரை ஒரு கண்ணாலை கண்டு பழகினது மற்றக் கண்ணுக்குப் புதிசு. அவளை நீ பாதிதான் பழக்கியிருக்கிறாய்” என்றார்.

அம்மருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவ குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

“இஞ்சாருங்கோ, அப்ப குதிரையையும் சைவமாக்கிப் போட்டீங்கள். கூட்டிக்கொண்டு வந்து திருநீறும் பூசி விடுங்கோவன்.”

“பகிடி விடாதையும். கால் கழுவுற கையாலை ஒரு வாயில்லாச் சீவனுக்குச் சாப்பாடு குடுக்கிறதோ?”

“சாமியறையிலை அந்தப் பாதி அம்மன், பாதி சிவன் படம் இருக்கெல்லோ. இடப்பக்கம் ஆர்?”

“அம்பாள்.”

“அவவின்ரை கையை விட்டிட்டு மற்றக் கையை மட்டுமோ கும்பிடுறனீங்கள்? சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டுக் குடுங்கோ, போங்கோ.”

மறுநாள் லாயத்துக் குளிர்த்தண்ணீரில் இடக்கையை நன்றாகக் கழுவினேன். “தாயே” என்று ஒரு கரட் கிழங்கை அந்தக் கையில் வைத்து, குதிரையின் இடப்பக்கமாக நீட்டினேன். என்னை முன்பின் கண்டிராததுபோல பிள்ளை விலகி ஓடியது. திரும்பவும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

வெளியே இலையெல்லாம் கொட்டி முடிந்தது. இடக்கையில் தூரிகை சரியாக நிற்காது, வழுக்கி வழுக்கி விழும். பிள்ளைக்கு அந்தப் பக்கத் தோல் ஈ மொய்த்ததுபோல நடுங்கும். எனக்கு அந்தக் கையும் அதற்கு அந்தப் பக்கமுமாக, இரண்டு பேரும் புதிதாகத்தான் பழகினோம். ஒரு காலையில் அது இடப்பக்கக் கன்னத்தை என் தோளில் வைத்துத் தேய்த்தது. சட்டையெல்லாம் எச்சில்.

முதல் பனி விழுந்த கிழமை அந்தப் பெண்மணி குதிரை ஏற்றும் வண்டியோடு வந்தார். கிட்டப் போனதும் முதுகு காட்டிச் சற்று நில்லுங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் அப்படியே நின்றார். பிள்ளையின் காது பின்னால் மடங்கியது. எனக்குப் பஞ்சாட்சரம் பாதியில் நின்றுவிட்டது. பிறகு காது முன்னால் வந்தது. அவர் மெதுவாகத் திரும்பி, இடப்பக்கமாகக் கயிற்றை உயர்த்தினார். பிள்ளை மூக்கைத் தானே கயிற்று வளையத்துக்குள் விட்டது.

லாயக்காரி வேலியைத் தட்டி, “ம்” என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய புகழ்ச்சி.

பெண்மணி முன்னால் நடக்க, பிள்ளை பின்னால் போய் வண்டியில் ஏறியது. கொடுக்க வைத்திருந்த கரட் என் பொக்கற்றிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்தபடியே கேட்டா.

“பிள்ளை போயிட்டுதோ?”

“ஓம்.”

“உங்களைத் திரும்பிப் பாத்ததோ?”

“இல்லை.”

“அப்ப வடிவாப் பழக்கியிருக்கிறீங்கள். போய்க் குளியுங்கோ, குதிரை மணக்குது.”