அட்டையை மனப்பாடம் செய்தவர்

மாத்தளையில் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். காத்திருப்போர் வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இரத்தோட்டைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இடது கண் சின்ன வயதிலிருந்தே பார்வை வளராத சோம்பேறிக் கண்; அதற்காகத் தடித்த கண்ணாடியை நான்கு மாதமாகப் போடுகிறாராம். முன்னால் போனவர்கள் சுவர் அட்டையின் ஆங்கில எழுத்துகளை உரக்க வாசிக்கும்போதெல்லாம் அவருடைய உதடுகளும் அசைந்தன.

நான் வாசித்து முடித்துத் கண்ணாடிக்கான துண்டுச் சீட்டுக்காக நின்றேன். அடுத்து அவர். நல்ல கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார்.

"ஒன்னுதான் பிழை. அது ஓ இல்ல, சி. நல்ல முன்னேற்றம், இனி ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார் தாதி.

அந்த எழுத்தை ஓ என்று வாசித்தவன் நான்.

வெளியே வந்ததும் கேட்டே விட்டேன்: "தெரியாதத ஏங்க தெரியுதுன்னு சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னா, இந்த வயசுல இனி சரிவராதுன்னு விட்டுருவாங்களேங்க. சின்னதுல எங்கள யாரு பாத்தா? இப்பதான் பாக்குறாங்க."

திரும்பிப் போய்த் தாதியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவருக்குச் செய்த உதவியா, கெடுதலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பிறகு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்ட அவருக்கு முன்னால் யாரும் இல்லை. உதடுகள் அசையவேயில்லை.