டேப் ஒட்டிய ஸ்விட்ச்

பத்து வயதில் எனக்கு உலகத்தில் ஒருத்தியின் மேல்தான் பொறாமை இருந்தது. அவள் பெயர் லியா. பிரிட்ஜ்வாட்டர் என்ற அமெரிக்க ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு. அழகிலோ படிப்பிலோ அவள் என்னை மிஞ்சியதாக ஞாபகம் இல்லை. கணக்கில் சுத்த மக்கு. ஆனால் வெள்ளிக்கிழமையானால் அவளுக்கு ஓர் அப்பா கிடைத்துவிடுவார். எனக்குக் கிடைக்கமாட்டார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

லியா வீட்டார் யூத மதத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள். அவர்களுக்கு நாள் என்பது காலையில் தொடங்குவதில்லை, முந்தின நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். வெள்ளி மாலையிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை ஓய்வுநாள். கடவுளே ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், நாமெல்லாம் எந்த மூலைக்கு என்பது அவர்கள் நியாயம். அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, போனைத் தொடக் கூடாது. லைட்டைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இன்னொருவரைப் போடச் சொல்வதும் கூடாது. இதையெல்லாம் லியா அலுத்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்கோ, அப்பாக்கள் போனைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்ட கடவுள்மேல் அபாரமான மரியாதை உண்டாயிற்று. அவருக்கு உருவமே கிடையாது என்று அவள் சொன்னபோதுதான் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

என் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ரிலீஸ். வாரமெல்லாம் கம்பெனியில் எழுதிய ப்ரோகிராம் வாரக் கடைசியில்தான் லைவ் போகும். காதில் ஹெட்செட்டோடு சமையல் மேடைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் ஏதாவது சொல்லப் போனால் ஒற்றை விரலை உயர்த்துவார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த ஒரு நிமிஷம் ஞாயிற்றுக்கிழமைதான் முடியும்.

எங்கள் வகுப்பில் இன்னொரு யூதப் பையன் இருந்தான். சனிக்கிழமை அவர்கள் கோயிலுக்குக் காரில் போய்விட்டு அப்படியே சாக்கர் ஆட வருவான். அவன் அப்பா மைதானத்து ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது மட்டும் எப்படி என்று லியாவை மடக்கினேன். அவர்கள் வேறு பிரிவு, சட்டத்தைக் காலத்துக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்பவர்கள், நடுவில் இன்னொரு பிரிவுகூட உண்டு என்றாள். அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"நாம வெங்காயம் சாப்பிடறோம், பெரியம்மா வீட்ல தொடமாட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பெருமாள்தானே? போய் ஹோம்வொர்க் பண்ணு."

எனக்கு அது போதவில்லை. லியாவின் அப்பாவும் எல்லா அப்பாவையும் போலத்தான் என்று நிரூபித்தாக வேண்டும் என்றிருந்தது.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. லியாவின் அம்மா இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி, கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டார். பிறகு அவள் அப்பா வந்தார். லியாவின் தம்பி தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து எபிரேய மொழியில் ஆசீர்வாதம் செய்தார். அடுத்தது லியா. முடித்துவிட்டுக் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார், அவள் நெளிந்துகொண்டு சிரித்தாள். அந்த வாரம் அவள் செய்த நல்ல காரியம் ஒன்றை வாராவாரம் அப்படிச் சொல்வாராம். என்னை அறியாமல் நானும் அவளுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றிருந்தேன். அவர் கை பாதி எழுந்தது. பிறகு சிரித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் மதத்து ஆசீர்வாதத்தைச் செய்தால் பெற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்கியிருப்பார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவமானம்தான்.

ரொட்டிக்கு முன்னால் கை கழுவ எல்லோரும் சமையலறைக்குப் போனார்கள். சாப்பாட்டு அறை ஸ்விட்ச்சின் மேல், மறந்துபோய் யாரும் தொட்டுவிடாமல் இருக்க, டேப் ஒட்டியிருந்தது. பிய்த்தேன். அணைத்தேன். இப்போது வந்து போடுகிறாரா இல்லையா பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்துகொண்டேன்.

கை கழுவிவிட்டால் ரொட்டியை வாயில் போடும்வரை பேசக் கூடாதாம். நாலு பேரும் இருட்டைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். லியாவின் அப்பா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரார்த்தனை சொல்லி, ரொட்டியைப் பிட்டு உப்பில் தொட்டுக் கொடுத்தார். அவ்வளவு நீளமான திட்டை நான் யாரிடமும் வாங்கியதில்லை. தம்பி ஒரு வாய் மென்றுவிட்டு வீறிட்டான். இருட்டென்றால் அவனுக்குப் பயம். எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் லைட்டை அணைக்கச் சொல்வார், பழக்கம் என்று உளறினேன். டேப் என் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. லியாவின் அப்பா அதைப் பார்த்தார். பழக்கம் பொல்லாதது என்று மட்டும் சொல்லிவிட்டு, பையனை மடியில் வைத்து சூப்பை ஊட்டத் தொடங்கினார். ஸ்விட்ச் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் நிஜமாகவே அப்படிப்பட்ட அப்பாதான்.

சாப்பாடு முடிகிற நேரத்துக்கு என்னை அழைத்துப்போக அப்பா வந்தார், ஹெட்செட் கழுத்தில்.

"என்னம்மா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீடு இப்படி இருட்டா கெடக்கு?" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டார்.

லியாவின் அம்மா நெஞ்சில் கை வைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அப்பாவுக்குப் பெரிய துண்டாகக் கேக் கிடைத்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும், ஏன் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். அதே பொய்யை அவரிடமும் சொன்னேன். சொன்ன கையோடு பொறாமையும் பொங்கிவிட்டது.

"லியாவோட அப்பா வாராவாரம் அவ பண்ணின நல்லது ஒண்ணு சொல்றார். நான் இந்த வீக் என்ன பண்ணினேன்? சொல்லுங்கப்பா."

அப்பா நடைபாதையிலேயே நின்றுவிட்டார். ஹெட்செட்டில் யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் நின்றார். எனக்குக் கால் விறைத்தது.

"லைட்டை ஆஃப் பண்ணினியே," என்றார் கடைசியில். "அடுத்தவங்க வீட்லகூட நான் சொன்னதை ஞாபகம் வச்சிருந்தியே. அதான். வெரி குட் கண்ணு."

திங்கட்கிழமை பள்ளிக்கூட பஸ்ஸில் லியாவிடம், எங்கள் அப்பாவும் சொன்னார் என்று பீற்றிக்கொண்டேன். என்ன சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அப்பா அன்றைக்குக் குளிரில் அவ்வளவு நேரம் நின்றது போனில் வந்த குரலைக் கேட்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளிவரை தன் ஞாபகத்தில் என்னைத் தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், சற்று முன்னால் நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.