வலது ஓர லேன்காரர்

சான் ஹோசேயில் என்னோடு ஆபீஸ் கார்பூலில் வந்தவர் அவர். கோடையிலும் கழுத்தில் மஃப்ளர். ஃப்ரீவேயில், மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓர லேனை விட்டு நகரவே மாட்டார்.

ஒரு சனிக்கிழமை தன் கராஜுக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரின் புத்தம்புதிய சிப் மேல் செப்புக் குவளையைப் பொருத்தி, அதில் திரவ நைட்ரஜனை ஊற்றினார். வெண்புகை கிளம்பியது. அந்தக் கொடுங்குளிரில் சிப் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஓடியது. திரையில் தெரிந்த வேகக் கணக்கை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தார். மறுநொடி எல்லாம் அணைந்தது, சிப் செத்துவிட்டது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

“இவ்ளோ ஸ்பீட வச்சு என்ன சார் பண்ணுவீங்க?”

“பண்றதுக்கு என்ன இருக்கு? ஓடிச்சே, பாத்தீங்கல்ல?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை அவர்தான் கார் ஓட்டினார். பள்ளிப் பேருந்துகூட எங்களைத் தாண்டிப் போனது.

“கொஞ்சம் வேகமா போலாமே சார்?” என்றேன்.

மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, “எதுக்கு சார் வீண் ரிஸ்க்?” என்றார்.