ஊதுவத்தியின் மேல் விழுந்த பழி

பிரிக்பீல்ட்ஸில் நாகையாவை அறிந்தவர்கள் அவருடைய ஒழுங்கைத்தான் முதலில் சொல்வார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில், கைத்தொலைபேசி விற்கும் நிறுவனம் ஒன்றில் ஏழாண்டுகள் ஸ்டோர்கீப்பராக இருந்தார். பெட்டியில் ஒட்டும் சீட்டுக்கூட அவர் கையில் கோணலானதில்லை.

வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்த லித்தியம் பேட்டரிகளைக் கட்டி, வாரம் ஒருமுறை கிள்ளான் கிடங்கிற்கு அனுப்புவது அவர் பொறுப்பு. விதி தெளிவானது. ஒவ்வொரு பேட்டரியின் முனைகளையும் டேப் ஒட்டி மூடித் தனிப்பையில் இடவேண்டும். திறந்த முனைகள் உலோகத்தில் பட்டால் பேட்டரி கொதித்துத் தீப்பிடிக்கும். பிறருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே நாகையாதான்.

1998ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று ஸ்டோரிலேயே படையல். கத்தரிக்கோல், டேப், டேப் வெட்டும் கருவி எல்லாம் சந்தனமும் குங்குமமும் பெற்றுச் சாமி படத்தின்முன் இருந்தன. பூஜையில் வைத்ததை அன்று எடுத்து வேலை செய்வதில்லை. வேனோ புறப்படக் காத்திருந்தது. நாற்பது பேட்டரிகள் மீதம். தகரம் எரியாது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, காலி பிஸ்கட் டின் ஒன்றில் அவற்றை அப்படியே கொட்டி மூடினார்.

டிரைவர் ரெங்கசாமி டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன நாகையா, ரோட்டுல பசிச்சா தின்னுறதுக்கா?"

"தின்னுங்கண்ணே, கிள்ளான் வரைக்கும் சார்ஜ் நிக்கும் லா!"

ரெங்கசாமி சிரித்தபடி டேஷ்போர்டில் எரியும் ஊதுவத்தி இரண்டைச் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

ஷா ஆலம் அருகே வேனின் பின்புறத்தில் புகை கிளம்பியது. கதவைத் திறந்தவரின் இடக்கையைத் தீ சுட்டது. வேன் எலும்புக்கூடாயிற்று.

மறுநாள் மேலாளர் பாலசுந்தரம் இருவரையும் அழைத்தார்.

"டேப் எல்லாம் ஒட்டித்தானே அனுப்பினீங்க, நாகையா?"

"ஒட்டினேன் சார்."

கட்டுப்போட்ட கையோடு நின்ற ரெங்கசாமி குறுக்கிட்டார். "அவர ஏன் சார் கேக்குறீங்க? ஊதுவத்திய வச்சது நான்தான். பொறி காத்துல பின்னால போயிருக்கும்."

ரெங்கசாமிக்கு வேலை போயிற்று. அதை அவர் தண்டனையாக ஏற்றுக்கொண்டார்.

நாகையாவின் ஒழுங்கு குலையவில்லை. டேப்பை முன்னிலும் இறுக்கமாக ஒட்டினார். ஒட்டியதைப் பிரித்து மீண்டும் ஒட்டினார். ஆனால் பாலசுந்தரம் ஸ்டோருக்குள் வரும்போதெல்லாம் நாகையா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல், கிள்ளானில் ரெங்கசாமியின் வீட்டுக்குப் போனார். வேலை போனபின் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவந்த ரெங்கசாமி அன்று வீட்டில் இருந்தார். காபி கொண்டுவந்த அவருடைய மனைவி தனலெட்சுமி, "வத்தி வாசம் பட்டாலே எழுந்து வெளிய போயிடுறாரு. கோயிலுக்கும் வரமாட்டேங்குறாரு. ஸ்டேரிங்கப் புடிக்கவே பயம். நீங்களாவது சொல்லுங்க தம்பி," என்றார்.

நாகையா காபியைத் தொடவில்லை.

"அண்ணே, தீ ஊதுவத்தியால வரல. நான் டேப் ஒட்டல. தகர டின்னுல பட்டு பேட்டரிங்கதான் எரிஞ்சிருக்கு."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"சார் கேட்டப்பவே தெரியும்."

ரெங்கசாமி வெந்து ஆறிய தம் கையைப் பார்த்தார். "நாலு மாசமா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்டா. உன் தப்புக்கு."

நாகையா அழத் தொடங்கினார்.

"இங்க அழாத. நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

மறுநாள் காலை நாகையா சொன்னார். எழுத்தில் தரும்படி பாலசுந்தரம் கேட்டபோது, ஒரு வரியும் மழுப்பாமல் எழுதிக் கையெழுத்திட்டார். அன்று நண்பகலே சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். அடுத்த வாரம் நிறுவனம் ரெங்கசாமியைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இரண்டு வாரம் பொறுத்து நாகையா கிள்ளானுக்குத் தொலைபேசியில் பேசினார். தனலெட்சுமி எடுத்தார்.

"அவரு வண்டி ஓட்டப் போயிட்டாரு. நல்லா இருக்காரு," என்றவர், சற்று நின்று, "நீங்க இனிமே கூப்பிட வேணாம் தம்பி," என்றார்.

"சரிக்கா," என்றார் நாகையா.