தலை சிலுப்பாத சேவல்

இலங்கை மலையகத்துப் பூனாகலையில், கழுத்தில் இறகு முளைக்காத அரிய நாட்டுக்கோழி இனமொன்றை வளர்த்து வருகிறேன். அவ்வினத்தில் என்னிடம் இருந்தது ஒரே சேவல். நான் காய்ச்சலில் கிடந்தபோது, வீட்டில் வளரும் சேவலையே முனியாண்டிக்குப் பலியிடுவதாக என் மனைவி நேர்ந்துவிட்டாள். நேர்ந்தபின் மாற்ற இயலுமா? திருவிழாவன்று கனத்த மனத்தோடு அதைத் தூக்கிச் சென்றேன்.

சேவலின் சம்மதம் கேட்டுப் பூசாரி அதன்மீது மஞ்சள்நீர் தெளித்தார். தலையைச் சிலுப்பினால் சம்மதம் என்பது வழக்கம். வெற்றுக் கழுத்தில் நீர் வழிந்தோடியதே அன்றி, சேவல் அசையவில்லை. மீண்டும் மீண்டும் தெளித்தும் பயனில்லை.

“சாமிக்கு வேணாமாம். வீட்டுக்குக் கொண்டு போங்க வாத்தியாரே,” என்றார் பூசாரி.

“மொட்டக் கழுத்தப் பாத்து முனியாண்டியே பயந்துட்டாரு!” என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

இனி ஒரே சேவலை நம்பியிருக்கக் கூடாதென்று, அச்சேவலின் வழிவந்த ஒன்றைக் கொஸ்லந்தையில் நண்பர் வீட்டிலும் இப்போது வளர்க்கச் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டு நேர்த்திக்கடனோ பொங்கல் வைப்பதோடு நின்றுவிடுகிறது.