அம்மாவின் அழுகையில் ஒரு வெட்டு

அவன் பிரிட்ஜ் மெக்கானிக். தெருவில் வைத்த பெயர் ஐஸ். வீட்டுக்கு வீடு போய், பிரிட்ஜின் முதுகுப் பக்கம் குந்தி உட்கார்ந்து, கம்ப்ரசரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். "கேஸ் இறங்கிடுச்சு", "ஃபேன்ல ஏதோ உரசுது" என்று கேட்டே சொல்லிவிடுவான். அப்படி ஒரு காது. அந்தக் காதுதான் அவனுக்கு எமனாக வந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவன் வேறு ஆள். டயர் கடை ஷட்டரை உள்ளே இருந்து இறக்கிவிட்டு மூன்று பேர் கூடுவார்கள். கடைக்காரன் குண்டு டிரம்ஸ். கணக்கு ட்யூஷன் எடுக்கும் வாத்தியார் பேஸ் கிடார். ஐஸ் கிடாரும் தொண்டையும். பேண்டுக்கு ஈரச்சுவர் என்று பெயர். அவர்கள் வாசிப்பதற்கு டிப்ரசிவ் பிளாக் மெட்டல் என்று பெயர்.

கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன். நாலே நாலு சுரம் திரும்பத் திரும்ப வரும். கிடாரா அடைமழையா என்று தெரியாத இரைச்சல். டிரம் அவசரமே இல்லாமல் விழும். எல்லாவற்றுக்கும் அடியில், கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துகிற மாதிரி ஒரு ஓலம். ஓலத்தில் வார்த்தை உண்டு, ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியக் கூடாது. புரிந்துவிட்டால் அது வெறும் பாட்டாகிவிடுமாம். ரெக்கார்டிங் சுத்தமாக இருந்தாலும் குற்றம். யாராவது கேட்டுவிட்டு "என்னப்பா, சத்தமே சரியா இல்லையே" என்றால் மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிடும். என்னத்தைச் சொல்ல!

இதில் வேடிக்கை என்னவென்றால், அழுவதற்கு மூன்று பேருக்குமே ஒரு காரணமும் கிடையாது. குண்டு தூக்கத்திலும் சிரிக்கிறவன். வாத்தியார் காதலித்துக் கல்யாணம் செய்து, இன்னும் பெண்டாட்டியைக் காதலித்துக்கொண்டிருப்பவர். ஐஸுக்கு வீட்டில் ராஜ உபசாரம். அப்பா அவன் விவரம் தெரியாத வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் தங்கையும்தான் வீடு. தங்கையை வாலு என்பார்கள், அவ்வளவு சேட்டை. அவன் ஓலமிட்டுப் பழகும்போது கதவைத் தட்டி, "அண்ணா, இது பாட்டா, இல்ல வயித்து வலியா? சொல்லு, மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்பாள். அம்மா அங்கிருந்தே, "அவனைச் சும்மா விடுடி. டேய், தொண்டைக்கு வெந்நீர் குடிச்சுட்டுக் கத்துடா" என்பாள்.

அம்மா பழைய துணிகளை அளவு மாற்றித் தருகிறவள். இடுப்பைப் பெரிதாக்க, கையைக் குட்டையாக்க, ஜிப் மாற்ற. முன்னறையில் காலால் மிதிக்கும் தையல் மெஷின். மிதிப்பலகையில் ஒரு ஆணி தளர்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு தட்டு விழும். "ஊர்ல இருக்கிற பிரிட்ஜையெல்லாம் சரி பண்றே, இந்த ஆணியை முடுக்க உனக்கு நேரமில்ல" என்பாள். "நாளைக்கும்மா" என்பான். அந்த நாளை வரவே இல்லை.

வாலுவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. முதல் நாள். அண்ணன் வண்டியில் கொண்டு விடுவதாக ஏற்பாடு. அவனுக்கு ஒரு ஹோட்டலில் பெரிய ஃப்ரீசர் நின்றுபோய்ப் போன் மேல் போன். வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு ஹாரனை அழுத்தினான், அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் ஓடி வந்து ஏறினாள். பெரிய சாலையில், குழாய் போடத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. முன்சக்கரம் இறங்கியது. ஓட்டியவன் இந்தப் பக்கம் விழுந்தான், முழங்கை கிழிந்தது. அவள் அந்தப் பக்கம் விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரனுக்குப் பிரேக் பிடிக்க நேரமில்லை. அவ்வளவுதான், பாவி மகள் போய்விட்டாள்.

அம்மா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்த அத்தை ஒருத்தி, "கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாமேப்பா" என்று ஆரம்பித்தபோது அம்மாதான் எழுந்தாள். "அவனை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. கேக்கிறதா இருந்தா வாசல் அங்க இருக்கு" என்றாள். அவன் கையில் கட்டு மாற்றினாள், தட்டில் சோறு போட்டாள், "தூங்குடா" என்றாள். அவளை வைத்துத்தான் அவன் எழுந்து நடமாடினான்.

உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு ஒரு மதியம், அவன் கிடாரை எடுத்தான். ஓலமிட்டுப் பார்த்தான். வரவில்லை. இத்தனை வருஷம் காரணமே இல்லாமல் கத்திய தொண்டை, காரணம் கிடைத்த அன்றைக்கு அடைத்துக்கொண்டது. சரி, கிடாரையாவது பதிவு செய்வோம் என்று மைக்கை வைத்துவிட்டு, வாசிக்காமல் மடியில் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி இல்லாமல் ஓடுகிற சத்தம் என்று அவன் காதுக்குத் தெரிந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் மெஷினை மிதித்து, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து அழுதுகொண்டிருந்தாள்.

சுவர் வழியாக லேசாகத்தான் கேட்டது. ஆனால் மைக் ஓடிக்கொண்டிருந்ததே. பிறகு ஹெட்போனைப் போட்டு, ஒலியைக் கூட்டிக் கேட்டான். மனுஷன் அந்த வேலையைச் செய்திருக்கக் கூடாது, செய்தான். முதலில் அழுகை. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, மகளிடம் நேரில் பேசுவது போல அம்மா சொன்னது: "ஓட்டினவன் எழுந்து வந்துட்டானேடி. அந்தச் சாமி அவனை எடுத்துக்கிட்டு உன்னை விட்டிருக்கக் கூடாதா?" பிறகு மறுபடி அழுகை. மெஷின் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. இதில் கோபப்பட என்ன இருக்கிறது, அவனே தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் தான் நினைப்பது வேறு, பெற்றவள் வாயால் கேட்பது வேறு.

அந்த அழுகையை அவன் பாட்டில் வைத்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அவனைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. தன்னால் அழ முடியாததை அவள் அழுதிருக்கிறாள், அதை எறிய மனமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வார்த்தைகளை வெட்டினான். எங்கே மூச்சு தொடங்குகிறது, எங்கே அழுகை ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து, மேலே கிடார் இரைச்சலைப் போர்த்தினான். மூலப் பதிவை அழித்தான். அம்மா காதில் அது என்றைக்கும் விழக் கூடாது. அப்படிச் சொன்னது அவளுக்கே தெரிந்தால் தாங்க மாட்டாள். அவனுக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

பாட்டை இணையத்தில் போட்டார்கள். எங்கெங்கோ குளிர் தேசத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆட்கள் கேட்டுவிட்டு, இப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை என்று எழுதினார்கள். குண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. அழுதது ஐஸ் என்றே அவன் நினைத்திருந்தான். ஐஸும் திருத்தவில்லை.

அங்கேதான் வினை. ஒரு மதியம் ஐஸ் வேலை முடிந்து பையோடு வாசலில் கால் வைக்கிறான், முன்னறையில் குண்டு. இடுப்பு பிடிக்கும் பேண்ட்டைப் பெரிதாக்கக் கொடுக்க வந்தவன், சும்மா போகாமல் போனை அம்மா முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறான்.

"கேளுங்கம்மா, நம்ம பாட்டு. வெளிநாட்டுக்காரனெல்லாம் அழுதுட்டிருக்கான். இப்ப வரும் பாருங்க, இந்த அழுகை. யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம ஐஸ்தான். பொம்பளை குரல்ல அழுதிருக்கான் ராஸ்கல், என்ன திறமை!"

ஐஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இரைச்சலுக்கு அடியில் டக், டக் என்று தட்டு வந்தது. அம்மாவின் கால் மிதிப்பலகையில் தானாகவே அந்தத் தட்டோடு அசைய ஆரம்பித்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! போனில் ஒரு டக், மெஷினில் ஒரு டக். திடீரென்று போனில் இரண்டு தட்டு ஒட்டிக்கொண்டு விழுந்தன. அம்மாவின் கால் தடுமாறி நின்றது. கேட்ட ஆயிரம் பேரில் ஒருத்தருக்கும் தெரியாத வெட்டு, அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிம்மா?" என்றான் குண்டு.

"நல்லா அழுதிருக்கான்" என்றாள் அம்மா. "பேண்ட்டை வெச்சுட்டுப் போப்பா, ரெண்டு நாள் ஆகும்."

குண்டு போகிற வழியில் ஐஸின் முதுகில் தட்டி, "அம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சுடா!" என்று சொல்லிவிட்டுப் போனான். ஐஸ் பையைக் கீழே வைத்தான்.

"கோவமாம்மா?"

"அழுகைதானே, எடுத்துக்கோ. அதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நடுவுல வெட்டியிருக்கே. அங்க நான் என்ன பேசினேன்?"

"ஒண்ணும் பேசலம்மா. வெறும் அழுகைதான்."

"பேசினேன்டா. அந்த நாள்ல மெஷினை மிதிச்சுட்டு அவகிட்ட பேசிட்டே இருப்பேன். என்ன பேசினேன்னுதான் ஒண்ணும் ஞாபகமில்ல. அவகிட்ட நான் சொன்னது ஏதாவது எங்கேயாவது இருக்காதான்னு தேடிட்டிருக்கேன். நீ வெட்டி எறிஞ்சிருக்கே. போட்டுக் காட்டு."

"அழிச்சுட்டேன்மா. எங்க பாட்டுல வார்த்தை புரியக் கூடாது, அதான்."

"சரி, அழிச்சுட்டே. கேட்டியில்ல? சொல்லு. என் பொண்ணுகிட்ட நான் பேசினதை எனக்குச் சொல்றதுக்கு என்ன?"

அவள் முகத்தைப் பார்த்தான். பசித்தவள் தட்டைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும், அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. விபத்து நடந்த காலையிலிருந்து அவன் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது ஒன்று உண்டு, தன் அவசரத்தில் அவள் சாப்பிடாமல் வந்துவிட்டாள் என்று. அதையே எடுத்துச் சொன்னான்.

"சாப்பிடாமக்கூடப் போயிட்டியேடின்னு சொல்லி நீ அழுதேம்மா."

அம்மா குண்டுவின் பேண்ட்டை எடுத்து மடியில் போட்டாள். பிறகு மெதுவாக, "அவ சாப்பிட்டாளே" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ வெளிய ஹாரன் அடிச்சுட்டிருந்தே. அவ தலை பின்னிட்டிருந்தா, நான் ஊட்டிவிட்டேன். போதும்மா, அண்ணன் கத்துதுன்னா. அது கத்தும்டி, நீ வாயைத் திறன்னேன். தட்டுல ஒரு பருக்கை மிச்சமில்ல. எனக்கு இருக்கிற ஆறுதலே அது ஒண்ணுதான்டா. அதை நான் மாத்திச் சொல்லி அழுவேனா?"

நல்ல பொய்யாக ஒன்று சொல்லத் தெரியாத ஜென்மம்! அம்மாவின் பார்வை அவன் முழங்கைத் தழும்பில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது.

"உன்னைத்தான் சொன்னேனா?" என்றாள்.

"இல்லம்மா. சேச்சே. இல்லவே இல்ல." படபடவென்று சொன்னான். அந்த வேகமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

என்ன சொன்னேன் என்று அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன? தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து பேண்ட்டின் இடுப்புத் தையலில் நுழைத்தாள். பிரிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"போட்ட தையலை அடையாளம் தெரியாமப் பிரிக்கணும்னா, திரும்பத் திரும்ப அதையே உத்துப் பார்க்கணும். முப்பது வருஷமா அதைத்தான் பண்றேன்" என்றாள். "இதை வெட்டறதுக்கு நீ எத்தனை தடவைடா கேட்டே?"

மெக்கானிக் மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றவனுக்கு இதற்கு மட்டும் பொய் சொல்ல வரவில்லை.

"எண்ணலம்மா" என்றான்.

அவள் எழுந்து வந்தாள். மன்னிச்சுக்கோடா என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை, வந்திருந்தாலும் அவனால் கேட்டிருக்க முடியாது. அவன் தலையை வயிற்றோடு இழுத்து அணைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அவன் இரண்டு காதையும் இறுகப் பொத்தினாள். கேட்டதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்தாகிவிட்டது, இனிமேல் பொத்தி யாருக்கு என்ன பிரயோசனம்? அடைத்துக் கிடந்த அவன் தொண்டையிலிருந்து அன்றைக்குத்தான் அந்த ஓலம் வந்தது. அம்மா கையை எடுக்கவே இல்லை.